வயிற்றுக்குள் விழும் தழும்பு

ஏற்கெனவே ஒருமுறை திறந்து தைத்த வயிற்றை மறுபடி திறக்கும்போது அறுவை மருத்துவரின் கை தானாகவே நிதானப்படும். முதல்முறை திறக்கும் வயிற்றில் குடல் ஈரமாக, வழுவழுப்பாக, தொட்ட இடத்திலிருந்து நழுவி நகரும். இரண்டாம் முறை அப்படி இருக்காது. சிறுகுடலின் ஒரு மடிப்பு பழைய தழும்பின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு மடிப்பு கர்ப்பப்பையின் மேலோ சிறுநீர்ப்பையின் மேலோ படிந்து அசைய மறுக்கும். சில ஒட்டுகள் ஒட்டடைபோல மெல்லியவை. விரலால் விலக்கினாலே விட்டுவிடும். சில தடித்து, உள்ளே இரத்தக் குழாய் ஓடி, எது குடல் எது தழும்பு என்று பிரித்தறிய முடியாதபடி இறுகிப்போயிருக்கும். கத்தரியின் நுனி ஒரு மில்லிமீட்டர் தவறினால் குடலில் ஓட்டை விழும். நெதர்லாந்தில் இப்படி மறு அறுவை செய்துகொண்ட 270 பேரை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியானது. அவர்களில் 52 பேருக்கு, அதாவது ஐந்தில் ஒருவருக்கு, ஒட்டைப் பிரிக்கும்போது குடல் கிழிந்திருந்தது. அனுபவமில்லாத கைகள் செய்த பிழை என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஒட்டிப்போன வயிறு அவ்வளவு கடினமானது.

மருத்துவர்கள் இதை ‘அட்ஹீஷன்’ என்பார்கள். வெளியே தோலில் தெரியும் தழும்பைப் பற்றி நோயாளிகள் நிறையக் கேட்கிறார்கள்: மறையுமா, என்ன களிம்பு தடவலாம், எப்போது குளிக்கலாம். உள்ளே விழும் தழும்பைப் பற்றிக் கேட்பவர்கள் அரிது. அப்படி ஒன்று இருப்பதே பலருக்குச் சொல்லப்படுவதில்லை. ஆனால் அது அரிதான சிக்கலே இல்லை. லண்டனில் மென்சீஸ், ஹரால்டு எல்லிஸ் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள் 1990இல் வெளியிட்ட கணக்கில், முன்பு வயிற்று அறுவை செய்திருந்த 210 பேரில் 93 சதவீதத்தினருக்கு ஒட்டுகள் இருந்தன. அறுவையே செய்திராதவர்களிடம் அது சுமார் 10 சதவீதம்தான்.

பெரும்பாலானவர்களுக்கு இந்த ஒட்டுகள் வாழ்நாள் முழுக்க எந்தத் தொல்லையும் தருவதில்லை. சிக்கல் மீதிப் பேருக்கு. ஸ்காட்லாந்தில் 1986இல் வயிற்றிலோ இடுப்புக்குழியிலோ திறந்த அறுவை செய்துகொண்ட 29,790 பேரைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்து, 1999இல் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஒட்டோடு தொடர்புடைய, அல்லது தொடர்பிருக்கக்கூடிய ஒரு காரணத்துக்காக, சராசரியாக இரண்டு தடவை மருத்துவமனைக்குத் திரும்பி வந்திருந்தார்கள். அதற்கு முன்புவரை ஒட்டு என்பது அறுவை அரங்குக்குள் பேசப்படும் எரிச்சலூட்டும் விஷயமாக மட்டுமே இருந்தது. அது ஒரு நாட்டின் சுகாதாரச் செலவையே பாதிக்கும் அளவுக்குப் பெரியது என்பதை இந்த ஆய்வுதான் எண்ணிக் காட்டியது.

ஒட்டு செய்யும் கெடுதல்களில் முதன்மையானது குடல் அடைப்பு. தழும்புக் கயிறு ஒன்று சிறுகுடலை இழுத்து மடக்கிவிடும். அல்லது அதன் இடுக்கில் குடல் நுழைந்து முறுக்கிக்கொள்ளும். வயிறு விட்டுவிட்டுப் பிடித்து வலிக்கும், உப்பும், பித்த வாந்தி வரும், காற்றுகூடப் பிரியாது. இது அறுவை முடிந்த அடுத்த மாதமும் வரலாம், இருபது வருடம் கழித்தும் வரலாம். சிறுகுடல் அடைப்புக்கு முதன்மையான காரணங்களில் ஒன்று ஒட்டு. பெண்களுக்குக் கருக்குழாயும் சினைப்பையும் ஒட்டிக்கொண்டால் குழந்தைப்பேறு தடைபடலாம். இன்னொன்று, நாள்பட்ட வலி. ஒட்டுகளுக்குள் உணர்வு நரம்பிழைகள் வளர்ந்திருப்பதை 2001இல் ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஆனால் சாதாரண ஸ்கேனில் ஒட்டு தெரிவதில்லை. “ரிப்போர்ட் எல்லாம் நார்மல்” என்று திருப்பி அனுப்பப்பட்டு, கடைசியில் எல்லாம் மனப்பிரமை என்ற பட்டத்தோடு வாழும் பெண்களுக்கு அந்த நுண்ணோக்கிப் படம் எவ்வளவு பெரிய சாட்சி!

தமிழ்நாட்டுக்கு இது தூரத்து விஷயம் அல்ல. 2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். முதல் பிரசவம் சிசேரியன் என்றால் இரண்டாவதும் பெரும்பாலும் அப்படியே அமைகிறது. அந்த இரண்டாவது, மூன்றாவது சிசேரியனில் மருத்துவர் குழந்தையிடம் போய்ச் சேரும் வழியில் இந்த ஒட்டுகள்தான் குறுக்கே நிற்கின்றன.

சரி, இவை எப்படி உருவாகின்றன?

வயிற்றின் உட்சுவரையும் குடல், கல்லீரல், கர்ப்பப்பை போன்ற உறுப்புகளையும் ஒரு சவ்வு போர்த்தியிருக்கிறது. பெரிட்டோனியம் என்று பெயர். மொத்தமாக விரித்தால் ஏறக்குறைய உடலின் தோல் பரப்புக்கு இணையாக வரும். அதன் மேற்புறம் ஒரே ஓர் அடுக்குச் செல்களால் ஆனது. அந்தச் செல்கள் சுரக்கும் ஈரம்தான் குடலை வழுக்க வைக்கிறது. ஆனால் அவை மிக மென்மையானவை. உலர்ந்த துணி உரசினாலோ, விளக்கின் சூட்டில் காய்ந்தாலோ, இரத்தம் படிந்து உறைந்தாலோ உதிர்ந்துவிடும்.

உதிர்ந்த இடத்தில் சில மணி நேரத்தில் ஃபைப்ரின் என்னும் பசைப் புரதம் வலைபோலப் படிகிறது. இது இயல்பான முதலுதவி. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பரப்புகள் காயம்பட்டிருந்தால் இந்த வலை இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். உடல் அதற்கும் ஏற்பாடு வைத்திருக்கிறது: சவ்வின் செல்கள் சுரக்கும் டிபிஏ என்னும் பொருள் ஃபைப்ரினைக் கரைக்கும் நொதியை எழுப்பிவிடுகிறது. மூன்று நாளுக்குள் வலை கரைந்துவிட்டால் ஐந்து முதல் ஏழு நாளில் புதிய சவ்வு மூடிவிடும், ஒட்டு விழாது. கரையாமல் நின்றுவிட்டால் அந்த வலைக்குள் நார்செல்கள் குடியேறி கொலாஜன் என்னும் நார்ப் புரதத்தை நெய்யத் தொடங்கும். பிறகு இரத்தக் குழாய் வரும், நரம்பு வரும். தற்காலிகப் பசை நிரந்தரக் கயிறாகிவிடும். ஆக, முடிவெல்லாம் முதல் சில நாட்களில், ஃபைப்ரின் கரைகிறதா இல்லையா என்பதில்தான் இருக்கிறது.

ஏன் சிலருக்குக் கரைவதில்லை என்ற கேள்விக்கு முதல் நல்ல துப்பைக் கொடுத்தவர் மேலே சொன்ன ஹரால்டு எல்லிஸ்தான். அன்றைய அறுவை மருத்துவர்கள் பெரிட்டோனியம் உரிந்து கிடக்கும் இடங்களை இழுத்துப் பிடித்துத் தைத்து மூடுவது வழக்கம். திறந்த புண்ணாக விட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. எல்லிஸ் விலங்குகளில் செய்த சோதனைகள் இதற்கு நேர்மாறாகக் காட்டின. 1962இல் அவற்றை வெளியிட்டார். உரிந்த இடத்தைத் தைக்காமல் விட்டபோது பெரும்பாலும் வழுவழுப்பாக ஆறியது. இழுத்துத் தைத்த இடத்தில்தான் ஒட்டு விழுந்தது. தையல் இறுக்கத்தில் இரத்த ஓட்டம் நின்று மூச்சுத் திணறும் திசு, பக்கத்து உறுப்பிலிருந்து இரத்தம் வாங்கிக்கொள்ள ஒட்டிக்கொள்கிறது என்று அவர் விளக்கினார். உடல் ஒட்டுவது கெடுதல் செய்ய இல்லை, சாகப்போகும் திசுவைக் காப்பாற்ற. இதைப் புரிந்துகொண்டால்தான், ஒட்டைத் தடுக்க ஆன்டிஆக்ஸிடன்ட் பொருள்களைத் தேடிய கதை புரியும்.

ஆக்சிஜன் கிடைக்காமல் திணறும் திசு வெறுமனே வாடுவதில்லை. இரத்தம் குறைந்து மறுபடி பாயும்போது ஸாந்தீன் ஆக்ஸிடேஸ் போன்ற நொதிகள் செல்களைத் தாக்கும் சூப்பர்ஆக்சைடு என்னும் ஃப்ரீ ராடிக்கலை ஏராளமாக உண்டாக்குகின்றன. காயத்துக்கு ஓடிவரும் வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் அதே ரசாயனத்தைத் தம் பங்குக்குக் கொட்டுகின்றன. காயம்படாமல் தப்பிய சவ்வுச் செல்களும் இதில் அடிபடுகின்றன. ஃபைப்ரினைக் கரைக்கும் திறன் சரிகிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் சயீது, டைமண்ட் ஆகியோரின் குழு, மனிதர்களின் பெரிட்டோனிய நார்செல்களை ஆக்சிஜன் குறைந்த சூழலில் வளர்த்துப் பார்த்தது. சாதாரண நார்செல்கள் ஒட்டிலிருந்து எடுத்த நார்செல்களின் குணத்துக்கு மாறத் தொடங்கின: கொலாஜன் கூடியது, தழும்பைத் தூண்டும் டிஜிஎஃப்–பீட்டா கூடியது. இந்த மாற்றத்தின் நடுவே சூப்பர்ஆக்சைடு இருந்தது.

அப்படியென்றால் அந்த ஃப்ரீ ராடிக்கலை உடனே அடக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் பொருளை வயிற்றுக்குள் விட்டால் என்ன? கேட்டவுடன் எளிமையாகத் தோன்றும் இந்த யோசனையின் பின்னால் ஆய்வுக்கூடங்கள் நாற்பது ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

வைட்டமின் ஈ கொடுத்து சுண்டெலிகளில் ஒட்டைக் குறைக்கலாம் என்ற கட்டுரை 1985இலேயே வந்துவிட்டது. ஸ்பெயினிலிருந்து 2004இல் வந்த சோதனை இன்னும் சுவாரசியமானது. வைட்டமின் ஈயை நேரடியாக வயிற்றறைக்குள் விட்ட எலிகளுக்கு ஒட்டு குறைந்தது. அதே மருந்தைத் தசையில் ஊசியாகப் போட்ட எலிகளுக்குப் பலன் இல்லை. இந்த ஒரு வேறுபாடு சொல்வது நிறைய. காயம்பட்ட சவ்வின் மேலே, காயம்பட்ட அந்த மணி நேரங்களில் மருந்து இருக்க வேண்டும். உடம்பில் எங்கோ இருந்தால் போதாது. 2008இல் பிரேசில் ஆய்வாளர்கள் எலி வயிற்றில் விட்ட வைட்டமின் ஈயை, ஏற்கெனவே சந்தையில் விற்கும் விலை உயர்ந்த தடுப்புப் படலத்தோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாக வேலை செய்தன.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் அறுவைத்துறை 2011இல் என்–அசிட்டைல் சிஸ்டைனைக் கையில் எடுத்தது. பாராசிட்டமால் அளவுக்கு மீறிப் போனவர்களுக்குக் கல்லீரலைக் காப்பாற்றக் கொடுக்கும் பழைய, மலிவான மருந்துதான் இது. சளியை இளக்கவும் கொடுப்பார்கள். எலிகளில் அது ஒட்டைக் குறைத்ததோடு, சவ்வின் ஃபைப்ரின் கரைக்கும் திறனையும் உயர்த்தியது. மெலட்டோனின், தேன், மஞ்சளின் குர்குமின், தக்காளிக்குச் சிவப்பு தரும் லைகோபீன் என்று பட்டியல் நீள்கிறது. பெரும்பாலானவை எலியிடமோ செல் வளர்ப்புத் தட்டிலோ தேறியிருக்கின்றன.

இவற்றில் மெத்திலீன் புளூ தனியாகப் பேச வேண்டியது. ஆய்வுக்கூடங்களில் சாயமாகப் பழகிய அந்த நீலத் திரவத்தை எலி வயிற்றுக்குள் விட்டபோது ஒட்டு கணிசமாகக் குறைந்தது. ஃப்ரீ ராடிக்கல் உருவாகும் வழியையே அது திசைதிருப்பிவிடுகிறது. ஆனால் துருக்கியில் ஒரு குழு அடுத்த கேள்வியைக் கேட்டது: குடலை வெட்டி இணைத்த இடத்துக்கு என்ன ஆகிறது? 2006இல் அவர்கள் வெளியிட்ட விடை கவலை தந்தது. ஒட்டு குறைந்தது உண்மை; கூடவே, இணைப்புத் தையல் ஆறும் தொடக்கக் கட்டமும் பலவீனப்பட்டது. குடல் தையல் விட்டுப்போனால் மலம் வயிற்றுக்குள் கசிந்து உயிருக்கே ஆபத்தாகும். வேண்டாத இடத்தில் ஒட்டுவதும் வேண்டிய இடத்தில் காயம் ஆறுவதும் ஒரே இயந்திரத்தின் வேலை. ஒன்றை மட்டும் நிறுத்து என்று உடலிடம் சொல்வது லேசல்ல. அதே பாஸ்டன் குழு என்–அசிட்டைல் சிஸ்டைனைச் சோதித்தபோது குடல் இணைப்பு ஆறுவதையும் சேர்த்தே பார்த்தது இதனால்தான்.

பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் பிலிப் கோனிங்ஸ் என்ற மகளிர் நோய் அறுவை மருத்துவர் இதே பிரச்சினையை வேறு பக்கத்திலிருந்து அணுகினார். சிறு துளைகள் வழியே லேப்ராஸ்கோபி அறுவை செய்யும்போது வயிற்றைக் கார்பன் டைஆக்சைடு வாயுவால் ஊதிப் பெருக்குகிறார்கள். சவ்வுக்கு அது ஆக்சிஜன் பஞ்சம். திறந்த அறுவையிலோ நேர்மாறு: 21 சதவீத ஆக்சிஜன் உள்ள அறைக்காற்று, அவ்வளவு ஆக்சிஜனைக் கண்டே பழகாத செல்கள் மேல் வந்து விழுகிறது. இரண்டுமே ஃப்ரீ ராடிக்கலைப் பெருக்கக்கூடியவை. அவருடைய குழு சுண்டெலிகளில் அந்த வாயுவோடு வெறும் 3 சதவீதம் ஆக்சிஜனைக் கலந்தது. ஒட்டு குறைந்தது. ஆக்சிஜனை மேலும் கூட்டியபோது அந்தப் பலன் போய்விட்டது. பிறகு வாயுவை ஈரப்படுத்தி, வயிற்றறையைச் சில டிகிரி குளிர்வித்து, வேறு சில மாற்றங்களும் சேர்த்து மனிதர்களிடமும் ஒரு சிறிய சோதனை நடத்தினார்கள். ஒட்டும் வலியும் குறைந்தன. மருந்தை ஊற்றி ஃப்ரீ ராடிக்கலைத் துடைப்பதைவிட, அது உருவாகாத சூழலை அறுவை நேரத்திலேயே அமைப்பது கெட்டிக்காரத்தனம். இந்தத் திசைக்கு இன்னும் நிறைய கவனம் கிடைத்திருக்க வேண்டும்.

இத்தனை நல்ல முடிவுகள் இருந்தும் அறுவை அரங்கில் ஏன் ஒரு வைட்டமின் ஈ பாட்டில்கூட இல்லை? எலிச் சோதனை பெரும்பாலும் ஒரே மாதிரி நடக்கிறது. ஆரோக்கியமான இளம் எலியின் பெருங்குடல் தொடக்கத்தைத் துணியால் தேய்த்துப் புண்ணாக்கி, மருந்தை விட்டு, இரண்டு வாரம் கழித்து வயிற்றைத் திறந்து எண்ணுகிறார்கள். மனிதர் வருவதோ சர்க்கரை நோயோடு, சீழ் பிடித்த குடல்வாலோடு, புற்றுக்கட்டியோடு. அவர் வயிற்றைத் திறந்து எண்ணிப் பார்க்கவும் முடியாது. அறுவைக்குப் பிறகு ஒட்டின் காரணமாகக் குடல் அடைப்பு வருவது நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான். அதுவும் ஆண்டுகள் கழித்து. அதைப் பாதியாகக் குறைக்கிறோம் என்று நிரூபிக்கவே சில ஆயிரம் நோயாளிகளை நெடுங்காலம் பின்தொடர வேண்டும். காப்புரிமை இல்லாத, சல்லிசான ஒரு மருந்துக்காக எந்த நிறுவனம் அந்தச் செலவைச் செய்யும்? அரசு நிதியும் பொதுப் பல்கலைக்கழகங்களும்தான் செய்ய வேண்டும்.

அதற்குள் வாசகர்கள் மருந்துக்கடைக்குப் போய் வைட்டமின் ஈ மாத்திரை வாங்கி விழுங்கத் தொடங்கிவிடக் கூடாது. விழுங்கிய மாத்திரை வயிற்றறைச் சவ்வில் போய் வேலை செய்யும் என்பதற்கு மனிதர்களிடம் ஆதாரமில்லை. மிகையான வைட்டமின் ஈ இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும்; இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு அபாயம் இன்னும் கூடுதல். அது கொலாஜன் உருவாவதைக் குறைத்துக் காயம் ஆறுவதைத் தளர்த்தும் என்று 1972இலேயே விலங்குச் சோதனையில் காட்டப்பட்டிருக்கிறது. அறுவைக்கு முன்பு இத்தகைய சத்து மாத்திரைகளை நிறுத்தச் சொல்வது அதனால்தான். வைட்டமின் சி கதையோ வேறு. அதுவும் ஆன்டிஆக்ஸிடன்ட்தான். ஆனால் கொலாஜன் நெய்யவே அது வேண்டும்; அது இல்லாதவர்களுக்கு ஸ்கர்வி வந்து ஆறிய புண்ணும் பிரிந்துகொள்ளும். ‘ஆன்டிஆக்ஸிடன்ட்’ என்று ஒரே முத்திரை குத்தி எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட முடியாது.

இன்று நிஜமாகக் கைவசம் இருப்பவை என்ன? முதலாவது, அறுவை செய்யும் விதம். கையுறையையே எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் ரப்பர் கையுறையைக் கொண்டுவந்தது 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில். கிருமிநாசினியால் கை வெந்துபோன ஒரு செவிலியருக்காக அவர் செய்வித்த கையுறை அது. கையுறை எளிதாக நுழைய, பிற்காலத்தில் டால்க் தூளும் பிறகு மாவுத்தூளும் தூவினார்கள். அந்தத் தூள் வயிற்றுக்குள் உதிர்ந்து அழற்சியையும் ஒட்டையும் உண்டாக்கியது. தெரிந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான், 2016 டிசம்பரில், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தூள் தூவிய கையுறைகளுக்குத் தடை அறிவித்தது. ஒட்டைத் தடுக்கும் இவ்வளவு மலிவான வழிக்கு அத்தனை காலம் பிடித்தது வருத்தத்துக்குரியது.

இரண்டாவது, லேப்ராஸ்கோபி. ஸ்காட்லாந்தில் 72,270 பேரைக் கொண்டு 2020இல் வெளியான புதிய ஆய்வில், நேரடியாக ஒட்டினால் மருத்துவமனைக்குத் திரும்பியவர்கள் திறந்த அறுவையில் 4.3 சதவீதம், லேப்ராஸ்கோபியில் 1.7 சதவீதம். சிறிய துளைகள் அழகுக்காக மட்டும் அல்ல. மூன்றாவது, தடுப்புப் படலங்கள். ஹையலுரானிக் அமிலமும் செல்லுலோஸும் கலந்த செப்ராஃபிலிம் 1996இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. காயத்தின் மேல் விரித்தால் ஒரு நாளில் கூழாகி, சவ்வு ஆறும் அந்த ஒரு வாரத்துக்கு இரண்டு பரப்புகளையும் பிரித்து வைத்துவிட்டுக் கரைந்துவிடும். ஒட்டினால் வரும் அடைப்புக்கான மறு அறுவையை இது ஏறத்தாழ பாதியாக்குகிறது என்று 2014இல் ‘லான்செட்’ வெளியிட்ட தொகுப்பாய்வு கண்டது. ஆனால் குடல் இணைப்பைச் சுற்றி இதைப் போர்த்தக் கூடாது; தையல் கசியும் அபாயம் கூடுகிறது. மெத்திலீன் புளூ சொன்ன அதே எச்சரிக்கை இங்கேயும்.

புதிய சோதனைகள் தடுப்புப் படலம், மருந்து ஆகிய இரண்டு வழிகளையும் இணைக்கப் பார்க்கின்றன: படலமாக விரியும் கூழ், அதற்குள் மெல்லக் கசியும் மருந்து. ஃப்ரீ ராடிக்கலை உறிஞ்சும் கூழ்களை எலிகளில் பல குழுக்கள் சோதித்துவருகின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தழும்பைத் தூண்டும் ஜூன் என்ற புரதத்தை முடக்கும் மருந்தைக் கூழில் ஏற்றி, சுண்டெலிகளைத் தாண்டிப் பன்றிகள்வரை போயிருக்கிறார்கள். அங்கும் ஒட்டு குறைந்தது. கனடாவின் கால்கரியில் பால் கியூப்ஸ் குழு 2021இல் இன்னொரு கதவைத் திறந்தது. வயிற்று நீரில் மிதந்து திரியும் மேக்ரோஃபேஜ் என்னும் தற்காப்புச் செல்கள் சிறு காயத்தைப் பார்த்தவுடன் ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டி அடைக்கின்றன. அறுவையின் பெரிய காயத்தில் அந்த அடைப்பே பெருத்து ஒட்டுக்கு வித்தாகிறது.

அறுவைக்குத் தேதி குறித்திருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. இதை லேப்ராஸ்கோபியில் செய்ய முடியுமா? ஒட்டைக் குறைக்க என்ன செய்வீர்கள்? தடுப்புப் படலம் என் விஷயத்தில் பொருந்துமா? கேட்பதில் தயக்கம் வேண்டாம். நல்ல மருத்துவர் இந்தக் கேள்வியை வரவேற்பார். ஏற்கெனவே சிசேரியனோ குடல்வால் அறுவையோ கர்ப்பப்பை நீக்கமோ செய்துகொண்டவர்கள் அந்த டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். முந்தைய அறுவையில் என்ன நடந்தது, ஒட்டு இருந்ததா என்ற குறிப்பு அடுத்து வயிற்றைத் திறக்கும் மருத்துவருக்கு வழிகாட்டும். பழைய தழும்புள்ள வயிறு உப்பி, விட்டுவிட்டு வலித்து, வாந்தியும் சேர்ந்து, காற்றும் மலமும் நின்றுபோனால் வாயுத் தொல்லை என்று கஷாயம் குடித்துக்கொண்டு வீட்டில் காத்திருக்கக் கூடாது. மருத்துவமனையில் மூக்குவழியே குழாய் போட்டு இரைப்பையை வடித்து, டிரிப்ஸ் ஏற்றி, வாய்வழி எதுவும் தராமல் கண்காணிப்பார்கள். குடலுக்கு இரத்த ஓட்டம் நிற்கவில்லை என்றால் மூன்று நாள்வரை பொறுத்துப் பார்க்கலாம். பலருக்கு அடைப்பு கத்தி படாமலே விலகிவிடுகிறது. வலி விடாமல் நீடித்து, காய்ச்சலும் நாடித் துடிப்பும் ஏறினால் மட்டும் அவ்வளவு நேரம் கையில் இருக்காது. அன்றே வயிற்றைத் திறக்க வேண்டிவரும்.